மேடும் கம்பியும்: கம்பைநல்லூர் ஏரிக்கரை மின்விபத்து – நிகழ்வு ஆய்வு

2023 மார்ச் மாதத்தில் இரண்டு வாரத்துக்குள் தருமபுரி மாவட்டம் நான்கு யானைகளை மின்சாரத்துக்குப் பறிகொடுத்தது. மார்ச் 7-ஆம் தேதி பாலக்கோடு வனச்சரகத்தில் மாரண்டஅள்ளி அருகே ஒரு விவசாய நிலத்தின் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. நிலத்துக்காரர் கைதானார். மார்ச் 18-ஆம் தேதி கம்பைநல்லூர் அருகே ஓர் ஆண் யானை ஏரிக்கரை மேட்டில் ஏறியபோது மேலே சென்ற உயரழுத்த மின்கம்பியில் பட்டு அங்கேயே விழுந்தது. வழிதவறி ஊர்ப்பக்கம் வந்த அந்த யானையைக் காட்டுக்குத் திருப்ப ஆட்கள் பின்தொடர்ந்து கொண்டிருந்தபோதே இது நடந்தது. அந்தக் காட்சியின் வீடியோ தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது.

முதல் நிகழ்வு குற்றம். யார் செய்தது, எந்தப் பிரிவில் வழக்கு என்பது தெளிவு. இரண்டாவது நிகழ்வில் மின்சாரத்தை யாரும் திருடவில்லை, வேலி எதுவும் இல்லை. இருந்தவை ஒரு கம்பி, ஒரு கரை, இரண்டுக்கும் நடுவில் போதாத இடைவெளி. மின்பாதை வேலை பார்ப்பவர்கள் நேரம் செலவழிக்க வேண்டியது இந்த இரண்டாவது நிகழ்வில்தான். ஏரிக்கரையைக் கடக்கும் மின்பாதை இல்லாத மின்வாரியப் பிரிவு அலுவலகம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருப்பது அரிது.

வேலியைப் பற்றிச் சுருக்கமாக

பன்றிக்குக் கட்டியதில் யானை மாட்டியது என்பது இந்தப் பக்கம் பழகிப்போன வாக்கியம். பம்புசெட் ஸ்டார்ட்டரிலிருந்து 230 வோல்ட்டை நேராகக் கட்டுக்கம்பியில் கொடுக்கிறார்கள். ஒரு உடல் அதைத் தொடும்போது உடல், தரை இரண்டின் தடையும் சேர்ந்து 1000 ஓம் என்று வைத்தால் 0.23 ஆம்பியர் ஓடும். 5 குதிரைத்திறன் மோட்டார் 7 ஆம்பியருக்கு மேல் எடுக்கும் இணைப்பில் இருக்கும் ஃபியூஸுக்கு இந்தக் கால் ஆம்பியர் கண்ணிலேயே படாது. உயிர் போக 0.1 ஆம்பியர் போதும். அதனால் ஃபியூஸ் போகாது, டிரான்ஸ்பார்மரில் எதுவும் தெரியாது, காலையில்தான் தெரியும்.

முறையான சூரிய மின்வேலியின் எனர்ஜைசர் என்ற கருவி பேட்டரியிலிருந்து துடிப்பாக மட்டும் மின்சாரம் விடும். ஒரு துடிப்பு 10 மில்லிசெகண்டுக்கு மிகாது. அடுத்த துடிப்புக்குக் குறைந்தது 1 விநாடி இடைவெளி உண்டு. 500 ஓம் தடையில் ஒரு துடிப்பின் ஆற்றல் 5 ஜூலுக்கு உட்பட்டது. வோல்ட்டேஜ் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் கொல்லாது, விரட்டும். இந்த அளவுகள் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐ.இ.சி.) 60335-2-76 தரத்தில் உள்ளவை. அந்த 2023-இலேயே தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. வேலி விஷயத்தில் செய்ய வேண்டியது என்ன என்பதில் குழப்பம் இல்லை. இங்கிருந்து ஏரிக்கரைக்குப் போவோம்.

கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் தரை இடைவெளிக்கு ஒரு பட்டியல் உண்டு. 2010 பதிப்பில் 58-ஆவது ஒழுங்குமுறை. அதற்கு முன் 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 77-ஆவது விதி. 11 கே.வி. (11,000 வோல்ட்) வெற்றுக்கம்பி சாலையைக் கடக்கும் இடத்தில் 6.1 மீட்டர், சாலையோரமாகவே போகும் இடத்தில் 5.8 மீட்டர், மற்ற இடங்களில் 4.6 மீட்டர். 11-க்கு மேல் 33 கே.வி. வரை மற்ற இடங்களில் 5.2 மீட்டர்.

இந்த ‘மற்ற இடங்கள்’ என்ற சொல்தான் வம்பு. ஏரிக்கரை சாலையா, மற்ற இடமா? வரைபடத்தில் அது சாலை கிடையாது. நடைமுறையில் கரைமேல் டிராக்டர் போகும், மண் லாரி போகும், கரும்பு ஏற்றிய டிரெய்லர் போகும். கரையைக் கடக்கும் ஸ்பானை, அதாவது இரண்டு கம்பங்களுக்கு இடைப்பட்ட கம்பியை, 4.6 மீட்டர் கணக்கில் விட்டுவிட்டு, அதன் கீழே டிப்பர் தொட்டியைத் தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது நியாயமில்லை. வண்டித்தடம் உள்ள கரை எதுவானாலும் 6.1 மீட்டர் என்றே எடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

யானைக்கு இந்தப் பட்டியல் பொருந்தாது. வளர்ந்த ஆண் யானையின் தலை சுமார் 3 மீட்டர் உயரத்தில் இருக்கும். துதிக்கையைத் தூக்கினால் 5 மீட்டரையும் தாண்டும். பட்டியல்படி சரியாக 4.6 மீட்டரில் போகும் கம்பிகூட யானைக்கு எட்டும் உயரம்தான். அதனால்தான் யானை நடமாடும் பகுதிகளுக்கு இந்திய வன உயிரின நிறுவனத்தின் வழிகாட்டுதல் சமநிலத்தில் 6.6 மீட்டர், 20 டிகிரிக்கு மேல் சரிவான நிலத்தில் 9.1 மீட்டர் என்கிறது. சரிவுக்கு ஏன் கூடுதல் உயரம் என்பதற்குக் கம்பைநல்லூரைவிட நல்ல விளக்கம் கிடையாது. சரிவில் ஏறும் விலங்கு ஒவ்வோர் அடியிலும் கம்பியை நெருங்குகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கம்பைநல்லூர் காட்டுப்பகுதி அல்ல, சமவெளி ஊர். ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் காட்டோர மின்பாதைகளை மட்டும் கணக்கெடுத்து உயர்த்தினால் இந்த விபத்து தப்பியிருக்காது. ராகி விளையும் காலத்தில் பன்னார்கட்டா பக்கமிருந்து இறங்கும் கூட்டங்கள் காட்டோரத்தோடு நின்றாலும், ஒற்றை ஆண் யானைகள் ஏரி ஏரியாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வெகுதூரம் வருகின்றன. யானையின் சமவெளி வழி என்பது பெரும்பாலும் ஏரிகளின் வழி. கம்பி தாழ்ந்து போகும் இடமும் அங்கேதான்.

இடைவெளி எங்கே போகிறது: ஒரு கணக்கு

ஏரிக்கரை ஸ்பான்களில் பொதுவாக என்ன நடக்கிறது என்பதை எண்களால் பார்க்கலாம். வழக்கமான 11 கே.வி. பாதையை எடுத்துக்கொள்வோம். 9.1 மீட்டர் பி.எஸ்.சி. (முன்னிறுக்கிய கான்கிரீட்) கம்பம், ஆறில் ஒரு பங்கு, அதாவது 1.5 மீட்டர், மண்ணுக்குள். மேலே 7.6 மீட்டர். உச்சியில் உள்ள வி வடிவக் குறுக்குச் சட்டத்தின் (வி-கிராஸ் ஆர்ம்) பக்கக் கம்பிகள் சுமார் 7.3 மீட்டரில் நிற்கும். கம்பி 7/3.35, அதாவது ‘ராபிட்’ என்ற பெயருள்ள ஏ.சி.எஸ்.ஆர். (நடுவில் எஃகு இழையுள்ள அலுமினியக் கம்பி); கிலோமீட்டருக்கு 214 கிலோ எடை. ஸ்பான் 70 மீட்டர், 32 டிகிரியில் இழுவிசை 400 கிலோ.

தொய்வுக்கான சூத்திரம் எளிது: ஒரு மீட்டர் எடையை ஸ்பானின் வர்க்கத்தால் பெருக்கி, இழுவிசையின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். 0.214 × 4900 ÷ 3200 = 0.33 மீட்டர். ஒரு அடிக்குச் சற்று மேல். கம்பி 7.3-இல் தொடங்கி நடுவில் 6.97-இல் நிற்கிறது. நிம்மதியான எண்.

இப்போது வெயிலையும் லோடையும் சேருங்கள். பகலில் மும்முனை விவசாய மின்சாரம் விடும் நேரம், காற்று இல்லை, கம்பியின் வெப்பம் 75 டிகிரி. கம்பி நீள்கிறது, நீள்வதால் இழுவிசை குறைகிறது. இரண்டையும் சேர்த்துத் தீர்த்தால் இழுவிசை 156 கிலோவுக்கு இறங்கி, தொய்வு 0.84 மீட்டர் ஆகிறது. காலை 7 மணிக்குப் பார்த்த கம்பிக்கும் மதியம் 2 மணிக் கம்பிக்கும் அரை மீட்டர் வித்தியாசம். காலையில் 4.9 மீட்டர் என்று பதிவேட்டில் எழுதிய இடைவெளி மதியம் 4.4. காலையில் சட்டப்படி சரி, மதியம் சட்டப்படி தவறு; கம்பத்தை யாரும் தொடக்கூட இல்லை.

ஸ்பான் நீளம் அடுத்தது. ஏரியைத் தாண்ட வேண்டும் என்பதால் கரையோர ஸ்பான்களைக் கொஞ்சம் இழுத்துப் போட்டிருப்பார்கள். 70 மீட்டருக்குப் பதில் 100 மீட்டர், அதே 400 கிலோ இழுவிசை என்றால் தொய்வு 0.33-லிருந்து 0.67-க்குப் போகும். சூடேறியபின் 1.39 மீட்டர். ஸ்பானின் வர்க்கத்தில் ஏறும் எண் இது. ‘ஒரு கம்பம் மிச்சம்’ என்பதற்கு எவ்வளவு விலை கொடுக்கிறோம் என்பது இதில் தெரியும்.

மூன்றாவது, கம்பம் சாய்வது. இதுதான் ஏரிக்கரையின் தனிக் குணம். ஆயக்கட்டுப் பக்கம் கசிவுநீரில் மண் ஆண்டில் பாதி நாள் ஊறிக் கிடக்கும். கட் பாயிண்ட் கம்பத்தின் (கம்பியை இழுத்து முடித்துக் கட்டும் கம்பம்) ஸ்டே, அதாவது அதைத் தரையோடு இழுத்துப் பிடிக்கும் கம்பி, தளர்ந்தோ அடிமண் இளகியோ கம்பத்தின் உச்சி ஸ்பான் பக்கமாக 10 செ.மீ. சாய்ந்தது என்று வைப்போம். கீழேயிருந்து பார்த்தால் நேராகத்தான் தெரியும். இரண்டு முனையிலும் டிஸ்க் இன்சுலேட்டரில் இழுத்துக் கட்டிய 70 மீட்டர் ஒற்றை ஸ்பானில் இந்த 10 செ.மீ. தொய்வை 0.33-லிருந்து சுமார் 1.25 மீட்டருக்குக் கொண்டுபோகும், அதுவும் 32 டிகிரியிலேயே. கம்பம் ஒரு சாண்கூட அசையவில்லை. கம்பி ஏறக்குறைய மூன்றடி இறங்கிவிட்டது. பல ஸ்பான்கள் சேர்ந்த பகுதியில் இந்தத் தளர்வு பங்கு போட்டுக்கொள்ளப்படும், ஆனால் இடைக்கம்பத்தின் ‘பின்’ (pin) இன்சுலேட்டரில் கம்பியைக் கட்டும் பைண்டிங் இறுக்கமாக இருந்தால் பெரும்பங்கு பக்கத்து ஸ்பானிலேயே தங்கும்.

நான்காவது, நிலம். மேலே சொன்ன மூன்றும் கம்பி இறங்கும் கதை. கணக்குப்படி வெயிலில் 6.46 மீட்டரில் நிற்கும் நல்ல கம்பியின் கீழே, கம்பம் நட்ட தரையிலிருந்து 3 மீட்டர் உயரக் கரை இருந்தால் மிச்சம் 3.46 மீட்டர். கம்பி, கம்பம், இழுவிசை எல்லாம் குறையில்லாமல் இருந்தும், கரைமேல் நடந்து போகிறவர் தோளில் ஓர் இரும்புக் குழாயை நிமிர்த்தினால் தொடும். யானை துதிக்கையைச் சற்றே தூக்கினால் போதும்.

கரையும் எப்போதும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. ஏரி தூர்வாரும்போது வெட்டிய மண்ணைக் கரையில் போட்டுப் பலப்படுத்துவதுதான் வழக்கம். 2017-இல் குடிமராமத்து மறுபடி தொடங்கிய பின் தமிழ்நாடெங்கும் இந்த வேலை நிறைய நடந்தது. நீர் மேலாண்மைக்கு நல்ல வேலை. ஆனால் கரை அரை மீட்டர் ஏறினால் மேலே போகும் மின்பாதையின் இடைவெளி அரை மீட்டர் போகிறது. அதை மின்பாதைப் பதிவேட்டில் எழுத ஆள் இல்லை. கம்பியில் வேலை நடந்தால் எஸ்டிமேட், எல்.சி. (மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்யும் அனுமதி), கையெழுத்து எல்லாம் உண்டு. நிலத்தில் நடந்தால் ஒரு ஜே.சி.பி., ஒரு நாள் வாடகை.

1956-இலேயே எழுதிய விதி

இந்தச் சிக்கலை யாரும் யோசிக்காமல் இல்லை. 1956 விதிகளில் 82-ஆவது விதியின் தலைப்பே கட்டடங்கள், கட்டுமானங்கள், வெள்ளத்தடுப்புக் கரைகள், சாலை உயர்த்தல் என்றுதான் போகிறது. மின்பாதை அமைந்தபின் அதன் கீழோ அருகிலோ யாராவது கரை எழுப்பவோ சாலையை உயர்த்தவோ நினைத்தால், மின் வழங்குபவருக்கும் மின் ஆய்வாளருக்கும் எழுத்தில் தெரிவித்து, பாதையை மாற்றிய பிறகே வேலை தொடங்க வேண்டும். 2010 ஒழுங்குமுறைகளில் இதுவே 63-ஆவதாக வந்தது.

விதி இருந்தும் கடிதம் வராததற்குக் காரணம், கரைக்கு ஒரே சொந்தக்காரர் இல்லாதது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத்துறையிடம், அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியத்திடம். வேலை எடுப்பது ஒப்பந்ததாரர் அல்லது பாசனதாரர் சங்கம். இவர்களில் யாருடைய எஸ்டிமேட்டிலும் ‘மேலே மின்பாதை உண்டா’ என்ற வரி இருப்பதில்லை. அந்த ஒரு வரியைச் சேர்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

ரிலே ஏன் காப்பாற்றாது

‘கம்பியில் ஏதாவது பட்டால் துணை மின்நிலையத்தில் ரிலே கண்டுபிடித்து டிரிப் ஆகிவிடாதா?’ என்று கேட்பார்கள். கணக்குப் பார்க்கலாம். 11 கே.வி. பாதையில் ஒரு கம்பிக்கும் தரைக்கும் 6,350 வோல்ட். ஃபீடரில் (துணை மின்நிலையத்திலிருந்து கிளம்பும் பாதையில்) 200 ஆம்பியரை 1 ஆம்பியராகக் குறைத்துக் காட்டும் 200/1 சி.டி., தரைக்குக் கசியும் மின்னோட்டத்தைக் கவனிக்கும் எர்த் ஃபால்ட் ரிலே 20 சதவீதத்தில் இருக்கிறது என்றால் 40 ஆம்பியருக்கு மேல் போனால்தான் அது கண் திறக்கும். கரைமண் காய்ந்து கிடக்கும் மார்ச் மாதத்தில் விலங்கு, மண் இரண்டும் சேர்ந்த தடை 300 ஓம் இருந்தால் ஓடுவது 21 ஆம்பியர். ரிலேவுக்கு இது சாதாரண லோடு. தடை 150 ஓமாக இருந்தால் 42 ஆம்பியர். ரிலே விழித்துக்கொள்ளும், ஆனால் மின்னோட்டம் கூடக் கூட வேகமாகச் செயல்படும் ஸ்டாண்டர்டு இன்வர்ஸ் வளைவில், அதன் நேர அமைப்பான டைம் மல்டிப்ளையர் 0.1 என்றாலும் செயல்பட 14 விநாடி எடுக்கும். 80 ஆம்பியர் போனால் 1 விநாடி. இதயம் நிற்க அந்த 1 விநாடியும் தேவையில்லை.

ரிலே கருவிகளைக் காப்பதற்கு, பாதை அறுந்து விழுந்தால் மின்சாரத்தை நிறுத்துவதற்கு. கம்பியைத் தொட்ட உயிரை அது மீட்காது. உயிரைக் காப்பது இடைவெளி ஒன்றுதான். ரிலே செட்டிங்கைக் குறைத்தால் போதும் என்று கூட்டங்களில் சொல்வதைக் கேட்க நேர்ந்தால், விவசாய ஃபீடரில் அது தினம் பத்து முறை விழும் என்பதையும், விழுகிற ரிலேயை யாராவது ஒருவர் கட்டிப்போடுவார் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

டிரிப் ஆன பிறகு இன்னோர் ஆபத்து உண்டு. ஆபரேட்டர் சற்று நேரம் விட்டு ஃபீடரை மறுபடி போட்டுப் பார்ப்பார். மழைக்கோ கிளைக்கோ விழுந்திருக்கலாம் என்ற எண்ணத்தில் செய்யும் வழக்கமான வேலை. அந்த நேரத்தில் விழுந்த விலங்கின் பக்கத்தில் பத்துப் பேர் நிற்பார்கள். எனவே கம்பி கீழே கிடந்தாலும், அதைத் தொட்டு ஏதாவது விழுந்திருந்தாலும், மின்சாரம் போய்விட்டது என்று துணை மின்நிலையத்திலிருந்து உறுதி கிடைத்து, இரு பக்கமும் எர்த் போடும்வரை 10 மீட்டருக்குள் யாரும் போகக் கூடாது. உள்ளே மாட்டிக்கொண்டவர் கால்களைச் சேர்த்து வைத்துக் குறுகிய அடியாக நகர்ந்து வெளியேற வேண்டும். அகலக் கால் வைத்தால் இரண்டு காலுக்கும் இடையில் உள்ள தரையின் வோல்ட்டேஜ் வித்தியாசம் உடல் வழியே ஓடும். நான்கு கால் விலங்குக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் தூரம் அதிகம். மாடுகள் நம்மைவிட முன்பே விழுவது அதனால்.

அளப்பது எப்படி

சாதாரண டேப், இரும்புக் குழாய், ஈர மூங்கில் எதுவும் கம்பிப் பக்கம் போகக் கூடாது. இழுத்து நீட்டும் கண்ணாடியிழைக் கழி, அல்லது தரையிலிருந்தே அளக்கும் லேசர், மீயொலி அளவி. லேசர் மெல்லிய கம்பியைத் தவறவிடும். அதே இடத்தில் மூன்று முறை எடுத்து ஒத்துப்போனால்தான் எழுத வேண்டும்.

எல்லாரும் செய்யும் தவறு, ஸ்பானின் நடுவில் அளப்பது. கம்பி தாழ்வாக இருக்கும் இடம் நடு. ஆனால் இடைவெளி குறைவாக இருக்கும் இடம் நிலம் உயர்ந்த இடம். கரை ஸ்பானின் கால் பங்கிலேயே குறுக்கிட்டால் அங்கேதான் அளக்க வேண்டும். கரையின் உச்சி, மதகு மேடை, கலிங்கு சுவர், தூர்வாரிய மண் குவியல் என்று தனித்தனியாக. கீழ்க்கம்பிக்கு மட்டுமே அளவு. அளந்த நேரம், காற்று வெப்பம், அப்போது மும்முனை இருந்ததா என்பதையும் சேர்த்து எழுதாத எண் பயன்படாது. காலையில் எடுத்த அளவு என்றால் 70 மீட்டர் ஸ்பானுக்கு அரை மீட்டர், 100 மீட்டருக்கு முக்கால் மீட்டர் கழித்துவிட்டு முடிவு செய்யலாம்.

அளவோடு சேர்த்துக் கம்பத்தில் ஒரு பெயிண்ட் குறி போடுவது நல்லது: நடும்போது தரை மட்டம் இருந்த இடத்தில் ஒரு கோடு. அடுத்த ஆண்டு அந்தக் கோடு மண்ணுக்குள் போயிருந்தால் நிலம் ஏறியிருக்கிறது; கோட்டுக்குக் கீழே கம்பம் தெரிந்தால் மண் அரித்திருக்கிறது. கேங்மேன் பைக்கில் போகும்போதே பார்த்துவிடலாம்.

திருத்தம்: எது எவ்வளவு தரும்

மலிவானது இழுத்துக் கட்டுவது. தொய்வுக்குக் காரணம் தளர்ச்சி என்றால் இது போதும். காரணம் கரை என்றால் இது ஏமாற்று. 400 கிலோவில் இருக்க வேண்டிய கம்பியை 600-க்கு இழுத்து அரையடி மீட்பவர்கள், குளிர்கால விடியலில் பைண்டிங் அறுவதற்கும் கட் பாயிண்ட் கம்பம் விரிவதற்கும் நாள் குறிக்கிறார்கள். இழுப்பதற்கு முன் ஸ்டேயைப் பார்க்க வேண்டும். 7/3.15 ஜி.ஐ. ஸ்டே வயர், 20 மி.மீ. தடிமன் 1.8 மீட்டர் நீள ஸ்டே ராடு, ஆங்கர் பிளேட், தரையிலிருந்து 3 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் கய் இன்சுலேட்டர். ஊறிய மண்ணில் ஆங்கர் பிளேட்டை வெறும் மண்ணில் புதைத்தால் அடுத்த மழைக்கு மறுபடி வர வேண்டியிருக்கும். கான்கிரீட் போட்டே ஆக வேண்டும்.

இடையில் ஒரு கம்பம் நடுவது அடுத்தது. 70 மீட்டர் 35-ஆகப் பிரியும்போது தொய்வு கால் பங்காகிறது. வெயில் நேரத்தில் அரை மீட்டருக்குக் குறையாமல் மீளும். கம்பத்தைக் கரையின் உடலில் நடக் கூடாது. அந்தக் குழி வழியே நீர் கசிந்து கரை பலவீனமாகும், நீர்வளத்துறை ஒத்துக்கொள்ளாது, ஒத்துக்கொள்ளவும் கூடாது. சரிவின் அடியிலிருந்து தள்ளி இரு பக்கமும் கம்பம் வைத்து, கரைமேல் குறுகிய ஸ்பான் வரும்படி அமைப்பதுதான் முறை.

மூன்று மீட்டர் கரைக்கு இந்த இரண்டும் போதாது. உயரக் கம்பம்தான் வழி. 11 மீட்டர் கம்பத்தில் 1.83 மீட்டர் மண்ணுக்குள் போனாலும் மேலே 9.17. பழையதைவிட 1.6 மீட்டர் லாபம். இங்கே அனுபவமில்லாதவர் மாட்டும் பொறி ஒன்று உண்டு. 70 மீட்டர் ஸ்பானில் 1.6 மீட்டர் உயர வித்தியாசம் என்றால், 400 கிலோ இழுவிசை குட்டைக் கம்பத்தின் கம்பியைச் சுமார் 9 கிலோ மேலே தூக்கும். கம்பியின் எடை அந்தக் கம்பத்தில் 15 கிலோ. ஒரு பக்கம் மட்டும் உயரக் கம்பம் என்றால் மிச்சம் 6 கிலோ கீழ்நோக்கி, பரவாயில்லை. இரண்டு பக்கமும் உயரக் கம்பம் வந்து நடுவில் ஒரு குட்டை மாட்டிக்கொண்டால் 18 கிலோ மேலே, 15 கீழே. கம்பி பின் இன்சுலேட்டரைப் பிடுங்கத் தொடங்கும். சில மாதத்தில் பைண்டிங் தேய்ந்து கம்பி தனியே மிதக்கும். அதனால் உயர்த்தினால் கரையின் இரு பக்கமும் அடுத்தடுத்த கம்பங்களாக உயர்த்த வேண்டும். நடுவில் பள்ளம் விடக் கூடாது.

குழி 0.6 × 0.6 × 1.8 மீட்டர், கம்பத்துக்குச் சுமார் 0.6 கன மீட்டர் கான்கிரீட், 1:3:6 கலவை, 40 மி.மீ. ஜல்லி. கிருஷ்ணகிரிப் பக்கம் நான்கடியில் பாறை தட்டும். பாறை வந்துவிட்டது என்று ஆழத்தைக் குறைத்து நடும் கம்பம், கணக்கில் 11 மீட்டராகவும் பலத்தில் 8 மீட்டராகவும் இருக்கும். கம்ப்ரசர் வைத்து உடைத்தே இறக்க வேண்டும். கான்கிரீட் போட்ட மறுநாளே கம்பி இழுப்பதும் வேண்டாம். ஏழு நாள் தண்ணீர் விட்டபின் இழுக்கலாம்.

யானை வழியில் இருக்கும் கம்பங்களுக்கு இரண்டு கூடுதல் வேலை. யானை கம்பத்தில் உரசும், தள்ளும். அடிப்பகுதியில் முள் வளையம் கட்ட வேண்டும். கரையைக் கடக்கும் அந்த ஓரிரு ஸ்பானுக்கு மட்டும் உறையிட்ட கம்பியோ, உறையிட்ட கம்பிகளை ஒன்றாக முறுக்கிய ஏரியல் பஞ்ச்டு கேபிளோ போடலாம். உறையிட்ட கம்பி கிளைக்கும் பறவைக்கும் நல்லது. அதைக் காரணம் காட்டி உயரத்தைக் குறைப்பது கூடாது. வெயிலில் உறை வெடித்த பின் அது வெற்றுக்கம்பிதான்.

எல்.சி. எடுத்து வேலை

ஏரிக்கரைப் பாதைகள் பெரும்பாலும் ஃபீடரின் கடைசி முனை. பாதையைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்ச் பழசு, கைப்பிடி முறுக்கிய குழாய். கைப்பிடியை இறக்கியதும் மூன்று பிளேடும் திறந்துவிட்டதாக நினைப்பதில்தான் உயிர் போகிறது. ஒரு பிளேடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் இரண்டு திறந்திருக்கும், மூன்றாவதில் 6,350 வோல்ட் இருக்கும். கீழிருந்து ஒவ்வொரு பிளேடையும் கண்ணால் எண்ணிப் பார்த்து, பூட்டுப் போட்டு, ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ பலகை மாட்டி, சாவியை எல்.சி. எடுத்தவரே வைத்திருக்க வேண்டும்.

பிறகு வோல்ட்டேஜ் டிடெக்டர். அதை முதலில் உயிருள்ள பாதையில் காட்டி ஒலிக்கிறதா என்று பார்த்தபின் இங்கே காட்ட வேண்டும். செத்த பேட்டரியும் ‘மின்சாரம் இல்லை’ என்றுதான் சொல்லும். அடுத்து கம்பியைத் தரையோடு இணைக்கும் டிஸ்சார்ஜ் ராடு: தரைமுனையை முதலில் இணைத்து, அதன்பின் கம்பியில் மாட்டுவது, எடுக்கும்போது கம்பியிலிருந்து முதலில், தரைமுனை கடைசியில். வேலை நடக்கும் இடத்தின் இரு பக்கமும் எர்த் வேண்டும். ஏனென்றால் அந்தக் கடைசி முனையில் தோட்டத்து ஜெனரேட்டர், மின்வாரிய இணைப்பைப் பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைக்கப்பட்டிருந்தால், 400 வோல்ட் டிரான்ஸ்பார்மர் வழியே திரும்பி 11,000-ஆக ஏறிவரும்.

விபத்து நடந்துவிட்டால் மின்சாரச் சட்டம் 2003-இன் 161-ஆவது பிரிவின்படி மின் ஆய்வாளருக்குத் தகவல் போக வேண்டும். உயிரிழப்பு என்றால் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தகவல், 48 மணி நேரத்துக்குள் எழுத்து அறிக்கை. விலங்கு இறந்தாலும் இதே கடமைதான். அறிக்கைக்கு முன் கம்பியை இழுத்துக் கட்டிவிட்டால் இடைவெளி எவ்வளவு இருந்தது என்பதற்குச் சாட்சியே இல்லாமல் போகும். ஆபத்தை நீக்கும் அளவுக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அளவும் படமும் எடுத்தபின் வேலை தொடங்கலாம்.

காட்டை விட்டு வெளியே வந்த யானையைப் பின்தொடரும் குழுவில், அந்தந்தப் பிரிவின் உதவிப் பொறியாளரின் எண்ணும் துணை மின்நிலைய ஆபரேட்டரின் எண்ணும் முதல் நாளே இருக்க வேண்டும். யானை ஒரு ஏரியில் இறங்கினால், அது ஏறப்போகும் கரைகளின் மேல் எந்த ஃபீடர் போகிறது என்பதை வரைபடத்தில் பார்த்து அதை மட்டும் நிறுத்தினால் போதும். விவசாய ஃபீடரை ஒரு மணி நேரம் நிறுத்துவதால் பயிர் வாடாது. யானை தாண்டியதும் போட்டுவிடலாம்.

ஊர்க்காரர்கள் கரைமேல் தாழ்ந்த கம்பியைக் கண்டால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் சொல்லலாம். சொல்லும்போது அருகிலுள்ள கம்பத்தின் எண்ணைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘ஏரிக்கரையில் கம்பி தொங்குகிறது’ என்று மட்டும் பதிவானால், பெயரில்லாத அந்த ஏரியைத் தேடி வந்தவர் வேறொரு கரையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.